கப்பா, கிராமா, பால் டின்னா: அடுப்படி அளவுக் கணக்கு

ஒரு கிலோ பாஸ்மதிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வைத்தால் சோறு விறைத்துக்கொண்டு நிற்கும். "ஒன்றுக்கு ஒன்றரை என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். சொல்வது சரிதான். ஆனால் அது கப் கணக்கு. ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை கப் தண்ணீர். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் அரிசியைக் கொட்டித் தலைதட்டினால் ஏறக்குறைய 800 கிராம்தான் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசி ஒன்றேகால் லிட்டர் இடத்தை அடைக்கிறது. அதற்கு ஒன்றரை மடங்கு 1.875 லிட்டர். கிலோவையும் லிட்டரையும் ஒன்றாக நினைத்ததால் 375 மில்லி தண்ணீர் குறைந்துவிட்டது. வீட்டுச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சமாளிக்கலாம். கோயில் அன்னதானத்துக்குப் பத்து கிலோ போடும்போது மூன்றே முக்கால் லிட்டர் குறையும். அதைத் தெளித்துச் சரிசெய்ய முடியாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தக் குழப்பம் வருவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஒரே அடுப்படியில் நாலைந்து வகை அளவுகள் புழங்குகின்றன. பாட்டி காலத்து முறுக்குக்குப் பால் டின். அரிசிக் குக்கரோடு வந்த சின்ன பிளாஸ்டிக் கப். தமிழ்நாட்டுக் காணொளியில் டம்ளரும் ஆழாக்கும். கேக் குறிப்பில் அமெரிக்கக் கப், அவுன்ஸ். கடைப் பொட்டலத்தில் கிராம். பழைய நோட்டுப் புத்தகத்தில் காத்தியும் சுப்பாக்கும். இவற்றில் எதுவும் தப்பான அளவு இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் பலகாரம் கெடுகிறது.

எல்லாக் குறிப்பையும் கிராமுக்கு மாற்றத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்தால் எல்லாவற்றையும் அளக்கும் குறிப்பை அப்படியே விடுங்கள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் பால் டின்னில் அளந்தாலும் சரி, டம்ளரில் அளந்தாலும் சரி. முழு உளுந்தும் அரிசியும் ஏறக்குறைய ஒரே கனம் என்பதால், இதைத் தராசில் வைத்து ஒரு கிலோவுக்குக் கால் கிலோ என்று நிறுத்தாலும் மாவு அதே மாவுதான்.

கவனம் வேண்டியது கலப்புக் குறிப்புகளில். "இரண்டு கப் அரிசி, 200 மில்லி தேங்காய்ப்பால் ஒரு பெட்டி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு" என்று வந்தால் அந்தக் கப் எது என்று தெரிந்தே ஆக வேண்டும். அரிசிக் குக்கர் கப் 180 மில்லி. ஒரு கப் அரிசி சுமார் 150 கிராம். குறிப்பு எழுதியவர் 250 மில்லி கப் வைத்திருந்தால் அவருடைய இரண்டு கப் 400 கிராம், உங்களுடையது 300 கிராம். தேங்காய்ப்பாலும் உப்பும் மட்டும் அவர் சொன்ன அளவிலேயே விழும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) குழைந்து, உப்புக் கரிக்கும். குறிப்பின் மேல் பழி போட்டுப் பயனில்லை. முழுக்க டம்ளர் கணக்கில் போகும் குறிப்பிலும் உப்பு, சோடா, ஈஸ்ட் மூன்றும் கரண்டியில் வருவதைக் கவனியுங்கள். டம்ளர் சிறியதானால் கரண்டியையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்.

கப் என்ற பெயரில் உலகத்தில் உள்ளவை: அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, பழைய பிரிட்டிஷ் கணக்கில் அரை பைன்ட் 284, ஜப்பானியச் சமையல் கப் 200, குக்கர் கப் 180. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லி. ஆஸ்திரேலியப் புத்தகங்களில் 20. தேக்கரண்டி எங்கும் 5. காய்ச்சல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் கரண்டியில் 5 மில்லி கோடு இருக்கும். தேக்கரண்டியைச் சோதிக்க அதைவிட எளிய வழி இல்லை. தேநீர் கலக்கும் கரண்டியை நம்பாதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு.

இனி வேலைக்கு வருவோம். இணையத்தில் "ஒரு கப் மாவு எத்தனை கிராம்" என்று தேடினால் 113 முதல் 150 வரை பதில் வரும். எல்லாமே அவரவர் கப்புக்கும் அவரவர் மாவுக்கும் அள்ளும் முறைக்கும் சரியானவை. உங்கள் வீட்டு எண்ணை உங்கள் வீட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது அரை மணி நேர வேலை, ஒரு தடவை செய்தால் போதும்.

முதலில் பாத்திரம். வழக்கமாக அளக்கும் டம்ளரையோ டின்னையோ நன்றாகத் துடைத்து, தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் குமிழ்போல் மேலெழும்பி நிற்கும் அளவுக்குப் போக வேண்டாம், மட்டமாக நின்றால் போதும். தராசு காட்டும் கிராம்தான் பாத்திரத்தின் கொள்ளளவு மில்லியில். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீர் ஒரு லிட்டருக்கு நாலைந்து கிராம் குறைவாக இருக்கும். சமையலுக்கு அது கணக்கில் வராது. வந்த எண்ணைப் பாத்திரத்தின் அடியில் அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள்.

பால் டின் வைத்திருப்பவர்கள் டின்னின் மேல் அச்சிட்ட எடையைக் கொள்ளளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உள்ளே இருந்த பாலின் எடை. இனிப்புச் சுண்டிய பால் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.3 மடங்கு கனம். 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம் பால் இருந்த பழைய டின் கொள்வது சுமார் 305 மில்லிதான். அதில் தலைதட்டி அரிசி அளந்தால் 245 கிராம் வரும். நாலு டின் ஒரு கிலோ என்று பழைய ஆட்கள் சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்தால் சரியாகவே இருக்கும். இப்போது கடையில் கிடைக்கும் அரைக் கிலோ டின் 385 மில்லி அளவில் கொள்ளும். அதில் நாலு டின் அரிசி ஒன்றேகால் கிலோவைத் தொடும். பாட்டியின் குறிப்பைப் புது டின்னில் அளந்துவிட்டு, தேங்காயையும் வெல்லத்தையும் மட்டும் பழைய எண்ணிக்கையில் போடுகிறவர்கள் நிறைய. டின்னின் மேல்பக்கத்தை வெட்டும்போது விளிம்பு உள்ளே மடிந்திருந்தாலும் கொள்ளளவு கொஞ்சம் மாறும். ஆகவே கையில் உள்ள டின்னையே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அடுத்து பொருள். எண் தெரிந்த பாத்திரத்தில், நீங்கள் எப்போதும் அளக்கும் விதத்திலேயே மாவை அளந்து நிறுங்கள். கொட்டிவிட்டு மறுபடி அளந்து நிறுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தள்ளியிருந்தால் நீங்கள் அளக்கும் முறை சீராக இல்லை என்று அர்த்தம். சராசரியைப் பாத்திரத்தின் மில்லியால் வகுத்தால் ஒரு மில்லிக்கு எத்தனை கிராம் என்று வரும். உதாரணமாக உங்கள் எவர்சில்வர் டம்ளர் 210 மில்லி. அதில் அரிசி மாவு 134 கிராம் பிடிக்கிறது. 134-ஐ 210-ஆல் வகுத்தால் 0.64. குறிப்பில் 250 மில்லி கப்பில் மூன்று கப் கேட்டால் 750-ஐ 0.64-ஆல் பெருக்குங்கள். 480 கிராம். இனி அந்தக் குறிப்பில் "480 கிராம்" என்று எழுதிவிட்டுக் கப்பை மறந்துவிடலாம்.

தொடங்குவதற்கு ஒரு கைக்கணக்கு வேண்டுமென்றால், 250 மில்லி கப்பில் தலைதட்டி ஏறக்குறைய இவ்வளவு வரும்:

அரிசி 200 கிராம், முழு உளுந்து 200
சீனி 210, தூளாக்கிய சீனி 125 முதல் 130
கோதுமை மாவு கரண்டியால் அள்ளிப் போட்டால் 130, கப்பையே மாவில் விட்டு அள்ளினால் 150
கடை அரிசி மாவு 160, ரவை 175
சமையல் எண்ணெய் 230, உருக்கிய நெய் 230
பால் 258, தேன் 355, இனிப்புச் சுண்டிய பால் 325
அழுத்தாமல் போட்ட துருவிய தேங்காய் 85 முதல் 90

இந்த வரிசையில் திரவங்களை நம்பலாம். அரிசி, பருப்பு, சீனி முதலியவற்றையும் ஓரளவு நம்பலாம். மாவு வகைகளை நம்பவே கூடாது. கோதுமை மாவில் கப்புக்கு 20 கிராம் வித்தியாசம் வருவதைப் பாருங்கள். மூன்று கப் மாவு போடும் கேக்கில் 60 கிராம், அரைக் கப்புக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கேக் மேலே வெடித்து, மறுநாளே வறண்டுவிடும். அடுப்புச் சூடு அதிகம் என்று நினைத்துச் சூட்டைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மாவு டப்பாவின் அடியில் அழுந்திக் கிடப்பதும், சலித்ததும் உப்பி எழும்புவதும் கப் கணக்கை மாற்றும். எடை மாறாது. கேக்குக்கு எங்கள் முடிவு தெளிவானது: மாவு, சீனி, வெண்ணெய் மூன்றையும் நிறுங்கள். கப்பை எடுக்கவே வேண்டாம்.

சீனியில் ஒரு பொறி இருக்கிறது. "ஒரு கப் சீனியைப் பொடித்துப் போடவும்" என்பதும் "பொடித்த சீனி ஒரு கப்" என்பதும் வேறு வேறு. முதலாவது 210 கிராம், இரண்டாவது 130-க்குள். நெய் உருண்டைக்கு இது பெரிய விஷயம். பாசிப்பருப்பு மாவும் சீனியும் சமம் என்ற குறிப்பில், சீனியைப் பொடிப்பதற்கு முன் அளந்தால் உருண்டை தித்திப்பாகிவிடும். அதற்குச் சேர்க்கும் நெய்யும் பத்தாமல் உதிரும். குறிப்புச் சொல்பவரிடம் எப்போது அளந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெய்யை உருக்கி அளப்பதா, உறைந்ததை அள்ளுவதா என்பதும் அப்படித்தான். உருக்கிய நெய் ஒரு மேசைக்கரண்டி 14 கிராமுக்குள் வரும். உறைந்த நெய்யைக் கரண்டியில் குவித்து எடுத்தால் அது 20-ஐத் தாண்டிவிடும்.

தீபாவளிப் பலகாரங்களில் மிகுதியாகச் சொல்ல வேண்டியது ஈர மாவு பற்றி. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைக்கிறோம். ஊறிய அரிசி தன் எடையில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ அரிசி ஊறி வடிந்த பிறகு 1.25 முதல் 1.3 கிலோ நிற்கும். உலர்த்தும் நேரம், அன்றைய வானிலை இவற்றைப் பொறுத்து அது இறங்கும். மழை நாளில் துணி உலராது. மாவு கனமாகவே இருக்கும். "மாவுக்கு முக்கால் பங்கு வெல்லம்" என்ற கணக்கை இந்த ஈர மாவின் எடைக்குப் போட்டால் 975 கிராம் வெல்லம் விழும். உலர்ந்த அரிசிக்குப் போட்டால் 750 கிராம். அந்த 225 கிராம் வித்தியாசத்தில்தான் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரைந்து போகிறது. பாகுப் பதம் தப்பிவிட்டது என்று சொல்வார்கள். பதம் சரியாகவே இருந்திருக்கும், வெல்லம் அதிகம். ஆகவே அதிரசத்தில் கணக்கு எப்போதும் ஊறவைக்கும் முன் நிறுத்த அரிசியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கிலோ பச்சரிசிக்கு 700 முதல் 750 கிராம் வெல்லம். பாகைக் காய்ச்சிய பிறகு மாவை முழுவதும் கொட்டாமல் கொஞ்சம் கையில் நிறுத்தி வைப்பது வழக்கம். அந்தப் பிடி மாவு ஈரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்கிறது.

வெல்லத்தையும் கூலா மலாக்கா எனும் தென்னை வெல்லத்தையும் கப்பில் அளப்பது வீண் வேலை. கட்டியாக இருந்தால் இடையில் காற்று. துருவினால் ஒரு அளவு. அழுத்தினால் வேறு அளவு. எந்தக் குறிப்பிலும் இவை கப்பில் இருந்தால், ஒரு தடவை அந்தக் குறிப்புப்படி செய்து, சுவை சரியாக வந்த அன்றைக்குப் போட்ட வெல்லத்தின் எடையைக் குறித்துக்கொள்வதே நேர்வழி. தேங்காயும் இப்படியே. இலேசாகப் போட்ட துருவல் கப்புக்கு 85 கிராம் என்றால், அமுக்கினால் அதே கப்பில் நூறைத் தாண்டும். கடையில் புதிதாகப் பிழிந்த தேங்காய்ப்பாலைக் கிலோ கணக்கில் வாங்கினால் கவலை இல்லை. ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர்தான்.

முறுக்குக்கு நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. இதுவும் கப் கணக்கு. அரிசி மாவு நாலு கப் 640 கிராம். உளுந்து மாவு இலேசானது, ஒரு கப் 125 கிராம் அளவில்தான் வரும். எடையில் பார்த்தால் இது ஐந்துக்கு ஒன்று. நாலுக்கு ஒன்றைத் தராசில் அப்படியே போட்டால் 160 கிராம் உளுந்து மாவு போகும்; கால் பங்குக்கு மேல் கூடுதல். மாவு தண்ணீரைக் கூடுதலாகக் கேட்கும், எண்ணெயில் நிறமும் சீக்கிரம் ஏறும். உள்ளே வேகும் முன் வெளியே சிவந்தால் இதைச் சோதித்துப் பாருங்கள். ஆர்டர் எடுத்து ஐந்து கிலோ, பத்து கிலோ என்று போடுகிறவர்கள் ஐந்துக்கு ஒன்று என்ற எடைக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு ஈடும் ஒரே மாதிரி வரும். மில்லில் அரைத்த மாவும் பாக்கெட் மாவும் கனத்தில் வேறுபடும். மில் மாற்றினால் மூன்று தடவை நிறுக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எண்ணெய் பற்றி. நம் நாட்டில் சமையல் எண்ணெய் பாட்டிலிலும் பொட்டலத்திலும் கிலோவில் விற்கிறது. பாமாயில் தண்ணீரைவிட இலேசானது, மில்லிக்கு 0.91 கிராம். ஒரு கிலோ பொட்டலத்தில் 1.1 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. ஐந்து கிலோ பாட்டிலில் ஐந்தரை லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்று என்ற குறிப்புக்கு முழுப் பொட்டலத்தையும் ஊற்றினால் நூறு மில்லி கூடுதல். ஊறுகாய்க்கு அது தெரியாது, கேக்குக்குத் தெரியும்.

தராசிலும் இதே தவறு ஒளிந்திருக்கிறது. டிஜிட்டல் தராசில் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தினால் "மில்லி" என்று காட்டும். தராசுக்கு உள்ளே இருப்பது எண்ணெயா தேனா என்று தெரியாது. தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு கிராமையே மில்லி என்று காட்டுகிறது. எண்ணெயை அந்த முறையில் 500 வரை ஊற்றினால் உண்மையில் 545 மில்லிக்கு மேல் விழுந்திருக்கும். தேனாக இருந்தால் 350 மில்லிதான். அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். கிராமிலேயே வைத்துக்கொண்டு கணக்கைக் கையால் போடுங்கள்.

தராசு சரியா என்று பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. 2012-இல் வந்த புது வரிசையின் மலேசிய 50 காசு நாணயம் 5.66 கிராம், 20 காசு 4.18 கிராம். பத்து 50 காசுகளை வைத்தால் 56 அல்லது 57 காட்ட வேண்டும். பெரிய எடைக்கு, திறக்காத ஒரு கிலோ சீனிப் பொட்டலம். உறையின் எடையும் சேர்வதால் ஆயிரத்துக்குச் சில கிராம் மேலே காட்டினால் நல்லது. மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். சூடான சட்டியைத் தராசில் வைத்தால் அளவு தவறும், தராசும் கெடும். மேசை சமமாக இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

ஒரு கிராம் காட்டும் தராசில் ஐந்து கிராமுக்குக் கீழே எதையும் நிறுக்காதீர்கள். மூன்று கிராம் ஈஸ்ட் என்று காட்டுவது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். பல தராசுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவும் பொருளைக் கண்டுகொள்வதும் இல்லை. சிறு மாற்றத்தைத் தாமாகவே பூஜ்யத்தில் சேர்த்துக்கொள்கின்றன. இங்கே கரண்டிதான் மேல். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம், சோடா உப்பு 5-ஐ ஒட்டி, பேக்கிங் பவுடர் 4, உடனடி ஈஸ்ட் 3, மஞ்சள்தூள் 3, வெந்தயம் 4-ஐ ஒட்டி. கல் உப்பைத் தூள் உப்புக்குப் பதிலாகக் கரண்டிக்குக் கரண்டி போட்டால் உப்புக் குறையும், இடைவெளி அதிகம் என்பதால். எடைக்கு எடை போட்டால் இரண்டும் ஒன்றே. வெளிநாட்டு ரொட்டிக் குறிப்பில் "ஒரு பொட்டலம் ஈஸ்ட்" என்றால் 7 கிராம். நம் கடைகளில் 11 கிராம் பொட்டலமும் உண்டு. அதை முழுவதும் கொட்டினால் மாவு வேகமாகப் பொங்கி அமுங்கிவிடும்.

பழைய நோட்டுகளில் வரும் அளவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு காத்தி 605 கிராம், அதில் 16 தாஹில். ஒரு தாஹில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இவை எடை. கந்தாங்கும் சுப்பாக்கும் கொள்ளளவு. ஒரு கந்தாங் 4.55 லிட்டர், நாலு சுப்பாக். அரிசியானால் கந்தாங்குக்கு 3.6 கிலோ, சுப்பாக்குக்கு 900 கிராம் சொச்சம். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பிறகு கடைகள் படிப்படியாகக் கிலோவுக்கு வந்துவிட்டாலும், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன் விலை பேசும்போது காத்தி இன்னும் காதில் விழும். சீன நாட்டிலிருந்து வரும் குறிப்புகளில் காத்தி 500 கிராம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊரிலிருந்து வந்த படி, உழக்கு, ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும். விகிதம் மட்டும் உறுதி: ஒரு படிக்கு நாலு உழக்கு, எட்டு ஆழாக்கு. வீட்டில் பித்தளைப் படி இருந்தால் தண்ணீர் ஊற்றி அதற்கும் எண் எழுதி வையுங்கள்.

ஆங்கிலக் குறிப்புகளில் அவுன்ஸ் இரண்டு வேலை பார்க்கிறது. திடப் பொருளுக்கு எடை, 28.35 கிராம். திரவத்துக்குக் கொள்ளளவு, பிரிட்டிஷ் 28.4 மில்லி, அமெரிக்கா 29.6. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டும் ஒட்டி வருவதால் தப்புத் தெரியாது. தேன் எட்டு அவுன்ஸ் என்றால் எடையா அளவா என்று பார்த்தே ஆக வேண்டும்; 227 கிராமா, 335 கிராமா என்ற வித்தியாசம். பைன்ட் பிரிட்டிஷ் புத்தகத்தில் 568 மில்லி, அமெரிக்கப் புத்தகத்தில் 473. வெண்ணெய் ஒரு ஸ்டிக் 113 கிராம். நம் கடையில் வாங்குவது 227 கிராம் கட்டியா 250 கிராம் கட்டியா என்று உறையைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

முட்டையையும் இதில் சேர்க்கிறோம், கேக் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் என்பதால். நம் நாட்டு ஏ கிரேடு முட்டை ஓட்டோடு 65 முதல் 69.9 கிராம். அமெரிக்கக் குறிப்பில் "பெரிய முட்டை" என்பது ஓட்டோடு 57 கிராம் அளவு, அதாவது நம் சி கிரேடு. நாலு முட்டைக் கேக்குக்கு ஏ கிரேடு நாலை உடைத்தால் கிட்டத்தட்ட 40 கிராம் கூடும். ஏறக்குறைய முக்கால் முட்டையைக் கூடுதலாக ஊற்றியது போன்ற ஈரம் அது. ஓடில்லாமல் ஒரு முட்டைக்கு 50 கிராம் என்று வைத்து, உடைத்து அடித்து, 200 கிராம் நிறுத்து ஊற்றுங்கள்.

விருந்துச் சமையலுக்கு வீட்டுக் குறிப்பைப் பெருக்கும்போது கரண்டிகளை எண்ணுவது நடக்காத காரியம். மசாலாத்தூள் மேசைக்கரண்டிக்கு எத்தனை கிராம் என்று ஒரு கரண்டியை நிறுத்துப் பார்க்காதீர்கள். பத்துக் கரண்டி தலைதட்டிப் போட்டு நிறுத்துப் பத்தால் வகுங்கள். கறித்தூள் 6, 7 கிராமுக்குள் வரும். ஐம்பது கரண்டி கேட்டால் 300, 350 கிராம். 250 கிராம் பொட்டலம் ஒன்றரைக்குள் முடிந்துவிடும். உப்பை மட்டும் கணக்கில் முக்கால் பங்கு முதலில் போட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்து மீதியைப் போடுங்கள்.

பத்துக் கிலோ பாஸ்மதிக்கு 12.5 லிட்டர் அரிசி, ஒன்றரை மடங்கில் 18.75 லிட்டர் தண்ணீர். அரிசியை ஊறவைக்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஊறிய அரிசியை அளந்தால் கணக்கு கூடிவிடும். ஊறும்போது குடித்த தண்ணீரும் இந்த அளவுக்குள் சேர்ந்தது. ஆகவே வடித்துவிட்டு மறுபடி நிறுத்து, பத்துக் கிலோவுக்கு மேல் எத்தனை கிலோ ஏறியிருக்கிறதோ அத்தனை லிட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவில் அரிசியின் அளவுக்கு ஆவியாகும் தண்ணீர் வீட்டுச் சட்டியைவிடக் குறைவு. அதனால் பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கி, இரண்டு லிட்டர் வெந்நீரைப் பக்கத்து அடுப்பில் வைத்துக்கொள்வது நல்லது. தேங்காய்ப்பால், தயிர், தக்காளி விடும் நீர் எல்லாம் தண்ணீர்க் கணக்கில் சேரும். வாளியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்துத் தடவை ஊற்றி, ஒவ்வொரு ஐந்து லிட்டருக்கும் வெளிப்பக்கம் ஒட்டுநாடா ஒட்டிவிட்டால், அடுப்புப் புகையில் நின்று எண்ணிக்கையைத் தவறவிட வேண்டியிருக்காது.